பல்லிடுக்கு

“யாருங்க இந்தப் பொண்ணு? சினிமாவுல ஏதும் நடிக்குதா?”

ஸ்டுடியோவுக்குப் புதிதாக வருகிறவர்கள் சுவரில் மாட்டியிருந்த பெரிய கல்யாணப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிற கேள்வி இது. யாரிடம் கேட்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? அந்தப் படத்துக்கு நேர் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து பாஸ்போர்ட் படங்களைக் கத்தரித்துக்கொண்டிருக்கும் அதே பொண்ணிடம்தான். கூத்தைப் பாருங்கள்! அவளும் தலையை நிமிர்த்தாமல், “சாம்பிளுக்கு மாட்டியிருக்குங்க” என்று சொல்லி முடித்துக்கொள்வாள்.

தெருவில் அவளுக்குக் கத்தரியக்கா என்று பெயர். புருஷன் படம் எடுப்பார், கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சரி செய்வார். இவள் வெட்டுவாள், ஒட்டுவாள், லேமினேஷன் போடுவாள், வந்த ஆளுக்குச் சில்லறை கொடுப்பாள். ஸ்டூல் இவளுடையது, சுழல் நாற்காலி அவருடையது. இப்படித்தான் அந்தக் கடை ஓடியது.

அவளுடைய முன்பல் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. ஓர் அரிசியை நட்டு வைக்கலாம், நிற்கும். அவளுடைய அப்பாவுக்கும் அப்படியே. அப்பாவும் மகளும் சேர்ந்து சிரித்தால் பார்க்கிறவர்களுக்கும் சிரிப்பு வந்துவிடும் என்று சொல்வார்கள். கல்யாணத்தன்று அவள் வாய் கொள்ளாமல் சிரித்தாள். படம் எடுத்தது மாப்பிள்ளையின் சிநேகிதர். ஆனால் அதை எடிட் பண்ணியது மாப்பிள்ளையேதான். புதிதாகத் தொழில் படித்த ஜோர் அவருக்கு. பல்லிடுக்கை அடைத்தார். மூக்கில் ஒரு நூல் குறைத்தார். கன்னத்தை மாவு சலித்தாற்போல் வழவழவென்று ஆக்கினார். பெரிதாகப் பிரேம் போட்டு மாட்டிவிட்டு, “எப்படி?” என்றார்.

புதுப்பெண்டாட்டி என்ன சொல்வாள்? “நல்லாருக்கு” என்றாள். சொல்லிவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்குப் பொத்திய வாய்தான். அதற்கப்புறம் எப்போது சிரித்தாலும் கை தானாக மேலே போய்விடும்.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் ஸ்டுடியோக்காரரின் வலது கண்ணில் விழித்திரை பிய்ந்துவிட்டது. ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழியை வைத்தார்கள். “அது திரையை அழுத்திப் பிடிச்சுக்கும். நீங்க குப்புறவே படுத்திருக்கணும். கம்ப்யூட்டர் பக்கம் தலை வச்சுப் படுக்கக்கூடாது” என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். ஊரையே “தாடையைத் தூக்குங்க, தோளை இறக்குங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க” என்று ஆட்டிவைத்த மனுஷன், கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் கட்டிலில் குப்புறக் கிடந்து, இரண்டு தலையணைக்கு நடுவே மூக்கை விட்டுக்கொண்டு தரையோடு பேசினார். ஒத்தாசைக்கு அவருடைய அக்கா வந்து சேர்ந்தாள். கை வேலைக்குக் குறைச்சல் இல்லாதவள். வாய்க்கும் குறைச்சல் இல்லை.

ஆபரேஷனுக்குச் சில நாள் முன்னால் ஒரு கல்யாணம் எடுத்திருந்தார். படங்கள் கம்ப்யூட்டரில் அப்படியே கிடந்தன. ஆல்பத்துக்கு மாப்பிள்ளையின் அம்மா தினமும் போன் போட்டு உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாத்தையும் காப்பி பண்ணிக் கொண்டுபோய் டவுன்ல என் சிஷ்யன்கிட்டக் குடுத்துடு” என்றார் தரையைப் பார்த்து.

“எதுக்கு?”

“எதுக்கா? ஆல்பத்தை யாரு பண்றது?”

“நான் பண்றேன்.”

கட்டில் கிரீச்சென்றது.

“நீ வெட்டற வேலையைப் பாரு.”

“வெட்டி வெட்டிக் கை காய்ச்சுப்போச்சு. உங்க முதுகுக்குப் பின்னாடி நின்னு இத்தனை வருஷம் பார்த்திருக்கேன். போன்ல வீடியோ போட்டுப் பார்த்திருக்கேன். எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

நாத்தனார் துணி மடித்துக்கொண்டே, “பார்த்தாப் போதுமா? நானுந்தான் பஸ்ஸுல டிரைவருக்குப் பக்கத்து சீட்டுல போறேன். ஸ்டீயரிங்கைக் கையில குடுத்துடுவாங்களா?” என்றாள்.

“கேட்டுப் பாருங்க அண்ணி. கேட்டாத்தானே குடுப்பாங்களா மாட்டாங்களான்னு தெரியும்.”

குப்புறக் கிடக்கிற ஆள் எவ்வளவுதான் சண்டை போடுவார்? ஸ்டுடியோக்காரர் இறங்கி வந்தார்.

“சரி. ஒண்ணே ஒண்ணு. ஒரிஜினலைத் தொட்டே, கையை ஒடிச்சுப்புடுவேன்.”

“முதல்ல எந்திரிங்க, அப்புறம் ஒடிக்கலாம்.”

“கிண்டல் பண்ணாதே. எல்லாத்துக்கும் காப்பி எடு. காப்பியில பண்ணு. தொழிலுக்கு வந்த நாள்லருந்து ஒரு ஒரிஜினலைக்கூட நான் அழிச்சதில்ல. நீ சொதப்பினா மறுபேச்சு கிடையாது, சிஷ்யன்கிட்டப் போயிடும். அப்புறம் அந்த நாற்காலி பக்கம் நீ வரவே கூடாது.”

கத்தரியக்கா போய் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அது அவர் பாரத்துக்குப் பழகிய பக்கமாகச் சாய்ந்தது. திருகித் தன் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டாள்.

முதல் நாள் அடித்த கூத்து கொஞ்சமில்லை. ஸ்கிரீனில் கலரைக் கூட்டிக் குறைக்கிற குச்சியைப் பிடித்துத் தள்ளு தள்ளென்று தள்ளிவிட்டாள். டீ கொண்டுவந்த நாத்தனார் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, “என்னடி இது, கல்யாணத்துக்கு வந்தவங்க அத்தனை பேரும் மிட்டாய் தின்ன வாயோட நிக்கறாங்க?” என்றாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “கலரை ஏத்திட்டாளா? ‘ஆகா, நல்லாருக்கு’ன்னு எங்க தோணுதோ அங்கருந்து பாதி தூரம் பின்னாடி வரச் சொல்லு!”

பின்னாடி வந்தாள். ஆட்கள் ஆட்களாகத் தெரிந்தார்கள்.

இன்னொரு படத்தில் மேசை சரிந்து கிடந்தது. மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் இப்போதோ அப்போதோ கவிழப்போவதுபோல் நின்றது. “முதல்ல நிமிர்த்து” என்றார் கட்டில்காரர். “கதவு, தூண், மேசை விளிம்பு, எதையாவது ஒண்ணை நேரா வச்சு நிமிர்த்து. அப்புறம் ஓரத்தை வெட்டு. அதுக்கப்புறம்தான் வெளிச்சம், கலர் எல்லாம்.” வெட்டுகிற வேலைதானே, நமக்குக் கைவந்தது என்று நினைத்து வெட்டினாள். பெரியவர் ஒருவரின் கை மணிக்கட்டோடு போய்விட்டது.

“மூட்டுல வெட்டாதே! மணிக்கட்டுல வெட்டினா கை இல்லாத ஆள் மாதிரி இருக்கும். ரெண்டு மூட்டுக்கு நடுவுல வெட்டு.”

“கறிக்கடையில மூட்டுலதானே வெட்டுவாங்க?”

“அங்க சாப்பிடறதுக்கு வெட்டறான். இங்க பார்க்கறதுக்கு வெட்டறோம்.”

ஸ்கிரீன் மூலையில் மலை மாதிரி ஒரு வரைபடம் உண்டு. அதைப் பார்த்தால் படத்தில் எவ்வளவு இருட்டு, எவ்வளவு வெளிச்சம் என்று தெரியும். அவரால் பார்க்க முடியாது. அதனால் கேட்பார்.

“மலை எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?”

“வலது சுவர்ல போய் முட்டிக்கிட்டு நிக்குது.”

“அப்ப வெள்ளையெல்லாம் வெந்துபோச்சு. வெளிச்சத்தை இறக்கு. முட்டறதை விட்டு வெளிய வரணும்.”

“வந்துடுச்சு.”

“இப்ப உடுப்புல இருக்கற பூ வேலை தெரியுதா?”

“தெரியுதுங்க! நூல் நூலாத் தெரியுது!”

வெளியே மழை விடாமல் கொட்டியது. வீட்டுக்குள் கொடி கட்டி ஈரத்துணி தொங்கியது. அந்தத் துணிகளுக்கு இந்தப் பக்கம் இருந்து அவள் கேட்பாள், அந்தப் பக்கம் இருந்து அவர் சொல்வார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் அவ்வளவு பேசியதில்லை. கத்தரியக்காவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன்?

“எல்லாப் படமும் மஞ்சளா இருக்குங்க” என்றாள் ஒருநாள்.

“மண்டபத்து லைட்டு அப்படித்தான் இருக்கும். நீலப் பக்கம் தள்ளு. மாப்பிள்ளை போட்டிருக்கற சட்டை வெள்ளைதானே? அது வெள்ளையா வர்ற வரைக்கும் தள்ளு.”

தள்ளினாள். சட்டை வெள்ளையாக வருகிறவரை, ஒவ்வொரு படத்திலும் தள்ளினாள். முடித்ததும் சாம்பிளுக்குப் பிரிண்ட் போடச் சில படங்களைப் பென்டிரைவில் ஏற்றி, அதை மழைக்குப் பாலிதீன் கவரில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்த தெரு பிரிண்ட் கடைக்குப் போனாள்.

மெஷினிலிருந்து முதல் படம் வெளியே வந்தது. பிரிண்ட்காரர் அதைத் தூக்கிப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

“ஏன்க்கா, கல்யாணம் ஐஸ் பேக்டரியிலயா நடந்துச்சு?”

கடையில் நின்றிருந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். மாப்பிள்ளைக்கு மை குடித்த உதடு. பெண் குளத்திலிருந்து தூக்கிப்போட்டவள்போல் இருந்தாள். சாப்பாட்டு மேசையில் சோறுகூட நீலம். கத்தரியக்காவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. படங்களை வாங்கிக்கொண்டு மழையில் நனைந்தபடியே திரும்பினாள். கவரில் படங்கள் மட்டும் நனையாமல் இருந்தன. நனைந்து தொலைந்திருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு.

நாத்தனார் வாங்கிப் பார்த்து, “ஐயையோ, யாரு செத்தது?” என்றாள்.

“என்ன? என்ன ஆச்சு?” என்று கட்டில் பதறியது. “எவ்வளவு நீலம்?”

“தம்பி, வானம் மாதிரி நீலம்.”

“போதும். நான் அப்பவே சொன்னேன். சிஷ்யனுக்குப் போனைப் போடு.”

கத்தரியக்கா தலையைக்கூடத் துவட்டவில்லை.

“போட மாட்டேன்.”

“என்னது?”

“போட மாட்டேன்னேன். ஏன் நீலமாச்சுன்னு தெரியாம இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கவே மாட்டேன். சிஷ்யன் வந்தா நாற்காலியோட சேர்த்துத் தூக்கிட்டுப் போகட்டும்.”

பிரிண்டை ஸ்கிரீன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஸ்கிரீனில் மாப்பிள்ளை நன்றாக இருந்தான். கையில் இருந்த மாப்பிள்ளை விறைத்துக் கிடந்தான். மெஷின் கோளாறா? பிரிண்ட் கடையில் அவளுக்கு முன்னால் நின்றவருடைய குழந்தைப் படம் நன்றாகத்தானே வந்தது. அப்படியானால் கோளாறு இங்கேதான். இந்த அறையில் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்த வெள்ளை எது என்று யோசித்தாள். தினமும் வெட்டுகிற போட்டோ பேப்பர்! அதன் வெள்ளை அவள் கைக்கே தெரியும். ஒரு வெற்றுப் பேப்பரை எடுத்து, ஸ்கிரீனிலும் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் பிடித்தாள்.

பேப்பர் வெள்ளை. ஸ்கிரீன் பழைய பல் மாதிரி மஞ்சள்.

மூலையில் இருந்த சின்னச் சின்னப் பொம்மைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். ஒன்றில் ‘கண்ணுக்கு இதம்’ என்று இருந்தது. அது எரிந்துகொண்டிருந்தது. அணைத்தாள். குபீரென்று ஸ்கிரீன் வெளுத்தது. கல்யாணத்துக்கு வந்திருந்த அத்தனை பேரும் ஒரே நொடியில் நீலமானார்கள்.

“அடப்பாவி மனுஷா!” என்று கத்தினாள். “மஞ்சக் கண்ணாடியைப் போட்டு வச்சிருக்கீங்களே!”

கட்டில் கொஞ்சம் முனகியது. “அது... கண்ணு எரியுதேன்னு போட்டேன். எடிட்டிங் பண்றப்ப அணைச்சுடுவேன். உங்கிட்டச் சொல்ல மறந்துட்டேன் போல.”

“உங்க கண்ணுக்கு இதமா இருக்கணும்னு நீங்க போட்ட மஞ்சளுக்கு நான் ஒரு கல்யாணத்தையே நீலமாக்கியிருக்கேன். இப்பப் போடட்டுமா உங்க சிஷ்யனுக்குப் போனு?”

நாத்தனார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். தரையைப் பார்த்துக் கிடந்தவர், “ஒரிஜினல் பத்திரமா இருக்கில்ல? மறுபடி பண்ணு” என்றார்.

மறுபடி பண்ணினாள். இந்தத் தடவை மண்டபத்து மஞ்சளில் கொஞ்சத்தை விட்டுவைத்தாள். லைட்டு போட்ட இடம் லைட்டு போட்ட மாதிரிதானே இருக்கவேண்டும்.

பாதி முடிந்திருந்தபோது மாப்பிள்ளையின் அம்மா நேரிலேயே வந்துவிட்டாள். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். படங்களைப் பார்த்து முகம் மலர்ந்தாள். அப்புறம் விரலை நீட்டினாள். மணப்பெண்ணின் இடது கன்னத்தில், காதுக்குக் கீழே துளசி இலை அகலத்துக்கு ஒரு கருந்தழும்பு. பிறவியிலேயே வந்தது.

“இதை எடுத்துடும்மா. ஒரு படம் விடாம எடுத்துடணும்.” சுவரில் இருந்த கல்யாணப் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். “அந்தப் பொண்ணு மூஞ்சி இருக்கு பாரு, அந்த மாதிரி வழவழன்னு வேணும்.”

உள்ளேயிருந்து, “பண்ணிடலாம்மா! அது நமக்குக் கைவந்த வேலை!” என்று சத்தம் வந்தது.

“பொண்ணு சொல்லுச்சுங்களா?” என்றாள் கத்தரியக்கா.

“அவ என்னத்தைச் சொல்றது? நாலு பேரு பார்க்கற ஆல்பம். நான் சொல்றேன்ல.” குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கத்தரியக்கா ஒரு படத்தில் செய்து பார்த்தாள். பிளாஸ்திரி படம் போட்ட ஒரு கருவி உண்டு. அதைத் தழும்பின்மேல் வைத்து இரண்டு தடவை தேய்த்தாள். அவ்வளவுதான். தழும்பு இருந்த இடத்தில் வேறு இடத்துத் தோல் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவளுக்குத் திக்கென்றது. இவ்வளவு சுலபமா? தன் பல்லிடுக்கை அடைக்க அவர் ராவும் பகலும் பாடுபட்டிருப்பார் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். கையை ஆட்டுகிற நேரத்தில் ஆகிற காரியம் இது. அதற்குத்தான் இத்தனை வருஷம் வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தோமா என்று நினைத்தாள். செய்ததை அழித்து முன்போலவே ஆக்கினாள். தழும்பு திரும்பி வந்தது. அதோடு அந்தப் பெண்ணும் திரும்பி வந்தாள்.

ஆல்பம் அட்டையில் பெயர் எப்படிப் போடவேண்டும் என்று கேட்பதற்காக மணப்பெண் கொடுத்திருந்த போன் நம்பர் இருந்தது. அந்தப் பெண் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். மத்தியானம் கூட்டம் குறைகிற நேரம் பார்த்துக் கூப்பிட்டுக் கத்தரியக்கா விஷயத்தைச் சொன்னாள்.

“அத்தை வந்தாங்களா?” என்று கேட்டாள் அந்தப் பெண். “அக்கா, மூக்குமேல ஒரு பரு வந்துச்சு. கல்யாணத்தன்னிக்குன்னு பார்த்து வந்து தொலைஞ்சுது. அதை எடுத்துடுங்க. அது இப்பவே போயிடுச்சு. கன்னத்துல இருக்கறது என்கூடவே வந்தது, என்கூடவே இருக்கப்போறது. அது இல்லாம படத்தைப் பார்த்தா, எங்க அவரு வேற யாரையோ கட்டிக்கிட்ட மாதிரியில்ல இருக்கும்?”

“அப்ப விட்டுடவா?”

“விட்டுடுங்க. ஆனா அத்தைகிட்டச் சொல்ல எனக்குத் தைரியம் வரலக்கா.”

“ஆல்பம் வாங்க வர்றப்ப நீயும் கூட வா. வந்து நில்லு, போதும்.”

போனை வைத்ததும் அவளுக்கு ஒரு வழி பிடிபட்டது. வந்து போகிறதை எடுப்பது, கூடவே இருக்கிறதை விட்டுவிடுவது. கொசுக்கடி, பரு, வியர்வை மினுமினுப்பு, பல்லில் ஒட்டிய கீரை, இதெல்லாம் போகட்டும். தழும்பும் மச்சமும் சுருக்கமும் இருக்கட்டும், சொந்தக்காரர்கள் வாயைத் திறந்து கேட்டாலொழிய. அப்படியே செய்துகொண்டு போனாள்.

புருஷனிடம் சொன்னபோது அவர் தலையணைக்குள்ளிருந்தே குதித்தார்.

“உனக்கு என்ன பைத்தியமா? ஆல்பத்தை மூஞ்சியில வீசிட்டுப் போவாங்க!”

“வீசட்டும். என் மூஞ்சியிலதானே?”

“கஸ்டமர் சொன்னா கேட்கணும். அதுதான் தொழில்.”

“மூஞ்சி யாருதோ அவங்கதான் கஸ்டமர்.”

“பெரிய நியாயம் பேசறா. நம்ம படத்தையே நான் பண்ணலையா? நல்லாத்தானே இருக்கு? வர்றவன் போறவன் எல்லாம் கேட்கறான்.”

“ஆமா, கேட்கறாங்க. யாருன்னு கேட்கறாங்க. என்கிட்டயே கேட்கறாங்க!”

கத்தரியக்கா கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள். தரையில் அவள் பாதங்கள் அவருக்குத் தெரிந்திருக்கும்.

“அது எங்க அப்பா பல்லுங்க. அவர் குடுத்ததுல என்கிட்ட மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். ஒரு வார்த்தை கேட்காம அடைச்சுட்டீங்க. அங்க ஒருத்தி வாயைத் திறந்து சிரிக்கறா. அவளுக்குக் கீழ உட்கார்ந்து நான் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறேன். எனக்கு அவளைக் கண்டாலே ஆகல.”

“நீதானே அன்னிக்கு நல்லாருக்குன்னு சொன்னே?”

“புதுப்பொண்டாட்டி வேற என்ன சொல்லுவா? இப்பப் பழைய பொண்டாட்டி சொல்றேன், கேட்டுக்குங்க. நல்லா இல்ல.”

நாத்தனார் கதவோரம் நின்றிருந்தாள். அவள் தம்பிக்குத்தான் பரிந்து பேசுவாள் என்று கத்தரியக்கா அவளையும் ஒரு பிடி பிடிக்கத் தயாராக இருந்தாள். அவளோ, “எனக்கும் அந்தப் படம் பிடிக்காது தம்பி” என்றாள். “முதல்முதல்ல இவளைப் பார்த்தப்ப அந்த இடுக்குப் பல்லுச் சிரிப்பைப் பார்த்துட்டுத்தான் நான் இவளே போதும்னேன். நீ அதைப் போய் சிமெண்ட்டு வச்சு அடைச்சுட்டே.”



“ஒரிஜினல் எங்க?” என்றாள் கத்தரியக்கா.

“எது?”

“ஒரு ஒரிஜினலைக்கூட அழிச்சதில்லன்னீங்களே. நம்ம கல்யாணப் படத்தோட ஒரிஜினல் எங்க?”

அவர் மெதுவாக, “பீரோ மேல பிஸ்கட் டப்பா. அதுக்குள்ள சீடி இருக்கும்” என்றார்.

சீடி ஓடுமோ ஓடாதோ என்று பயந்துகொண்டே போட்டாள். கரகரவென்று கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுப் படம் வந்தது. கோணலாக, இருட்டாக இருந்தது. அந்த இருட்டில் ஒரு பெண் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பில் அப்பா இருந்தார். கத்தரியக்கா கொஞ்ச நேரம் மௌஸில் கை வைக்காமல் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு காப்பி எடுத்தாள்.

முதலில் நிமிர்த்தினாள். ஓரத்தில் நின்ற யாரோ ஒருவருடைய பாதி முதுகை வெட்டினாள். நிழலை மட்டும் கொஞ்சம் தூக்கினாள். மாப்பிள்ளையின் சட்டையை வைத்து வெள்ளையைச் சரி பார்த்தாள். மோவாயில் இருந்த பருவை எடுத்தாள், நெற்றி வியர்வையைக் குறைத்தாள். பல் பக்கம் போகவே இல்லை. எழுந்து போய் டீ குடித்து, தெருவில் மழை ஓடுவதைப் பார்த்துவிட்டு, கண் ஆறிய பிறகு வந்து மறுபடி பார்த்தாள். இரண்டு இடத்தில் கூடிப்போயிருந்தது, குறைத்தாள். பெரிதாகப் பிரிண்ட் போட்டுவந்து, பழையதைக் கழற்றி, அதே பிரேமில் மாட்டினாள்.

ஆல்பம் வாங்க மாமியாரும் மருமகளும் வந்த அன்றைக்கு ஸ்டுடியோக்காரர் எழுந்து உட்காரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நாற்காலியில் இருந்தார். வெளியே வரத் தைரியம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியார் பக்கம் பக்கமாகத் திருப்பினாள். திருப்பத் திருப்ப உதடு இறுகியது.

“நான் என்ன சொன்னேன்?”

“தழும்பை எடுக்கச் சொன்னீங்க.”

“எடுத்தியா?”

“எடுக்கல. மூக்குல இருந்த பருவை எடுத்துட்டேன்.”

“என்ன திமிரு உனக்கு? நாலு பேரு பார்த்தா என்ன சொல்லுவாங்க?”

கத்தரியக்கா வாயைத் திறப்பதற்குள், வந்ததிலிருந்து பேசாமல் நின்ற பெண் பேசினாள்.

“நான்தான் வேணாம்னேன் அத்தை. நாலு பேரு என்னை நேர்லயே பார்க்கறாங்களே. படத்துல மட்டும் மறைச்சு என்ன பண்றது?”

“உனக்கு நல்லதுக்குத்தானேடி சொன்னேன். அங்க பாரு, அந்தப் பொண்ணு மாதிரி...” என்று மாமியார் சுவரைக் காட்டினாள். காட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. சுவரில் வேறு ஒருத்தி இருந்தாள். வாய் கொள்ளாமல் சிரித்தாள். முன்பல்லில் இடுக்கு. மாமியார் படத்தைப் பார்த்தாள், நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தாள்.

“இது... நீயா?”

“ஆமாங்க. அன்னிக்கு நீங்க பார்த்ததும் நான்தான். உங்களுக்குத் தெரியல. எனக்கே தெரியல, உங்களைச் சொல்லி என்ன?”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கை பழக்கத்தில் மேலே கிளம்பியது. நெஞ்சு வரைக்கும் வந்த கையை மேசைமேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

மாமியார், “என்னமோ போங்க, இந்தக் காலத்துல யாரு பேச்சை யாரு கேட்கறா” என்று ஆல்பத்தை மடியோடு அணைத்துக்கொண்டு குடையைத் தேடினாள். மருமகள் படியிறங்குமுன் ஒருமுறை திரும்பிப் பார்த்துத் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனாள்.

ஸ்டுடியோக்காரர் அப்போதுதான் வெளியே வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, ஆபரேஷன் செய்த கண்ணால் சுவரைப் பார்த்தார். மங்கலாக இருந்திருக்கவேண்டும். கிட்டே போனார், இன்னும் கிட்டே போனார், மூக்கு பிரேம் கண்ணாடியில் இடிக்கிற அளவுக்குப் போனார்.

“வெள்ளை சரியா வந்திருக்கு” என்றார்.

“பல்லு?”

“இருக்கு.”

“இடுக்கு?”

“அதுவும் இருக்கு.” கறுப்புக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “கேட்டிருக்கணும் நான். பழைய படம் எங்க?”

கத்தரியக்கா ஸ்டூலுக்கு முன்னால் இருந்த வெட்டுகிற மேசையைக் காட்டினாள். அட்டையில் ஒட்டிய பழைய படம் அங்கே முகம் கீழே இருக்கும்படி கிடந்தது. அதன் முதுகில், லேமினேஷன் ஓரம் வெட்டிய கத்திக் கோடுகள் நிறைய விழுந்திருந்தன.

“வெட்டற பலகை தேஞ்சுபோச்சு. இது நல்ல தடி அட்டை.”

அவர் நாற்காலிப் பக்கம் பார்த்தார். அதில் அவள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“நாற்காலி காலி இல்லைங்க. ஸ்டூல் இருக்கு. பாஸ்போர்ட் படம் நிறைய வெட்டாம கிடக்கு பாருங்க. கம்ப்யூட்டர் பார்க்கக் கூடாதுன்னுதானே டாக்டர் சொன்னாரு? பேப்பர் பார்க்கலாம்.”

ஸ்டுடியோக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்து கத்தரிக்கோலை எடுத்தார். வாசலில் செருப்பைத் தட்டிக்கொண்டு ஒரு புது ஆள் உள்ளே வந்தார். தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார்.

“அட, மேல இருக்கறது நீங்கதானேம்மா? நல்லாச் சிரிச்சிருக்கீங்க.”

கத்தரியக்கா சிரித்தாள். கை மௌஸ் மேலேயே இருந்தது. சிரித்து முடித்து, அந்த ஆளை உட்காரச் சொல்லிவிட்டு, ஸ்டூல் பக்கம் திரும்பினாள்.

“என்னங்க, கோணலா வெட்டறீங்க. முதல்ல நிமிர்த்துங்க.”